தக்காளி காய்ந்தும் பூசணம் ஏன்?

கேள்வி: விலை சரிந்தால் தக்காளியைச் சாலையோரம் கொட்டுகிறோம். அதைத் தவிர்க்க எங்கள் உழவர் குழு சூரிய உலர்த்தி வாங்கியது. நன்றாகக் காய்ந்த துண்டுகளிலும் பத்தே நாளில் பூசணம். உணவுப் பொறியாளரைக் கேட்க வேண்டுமா?
- வாசகர், பாலக்கோடு

பதில்: உலர்த்தியைக் குறை சொல்லாதீர்கள், அவசரம்தான் காரணமாக இருக்கும். தொடக்கத்திலேயே சூடு 70 டிகிரியைத் தாண்டினால் மேல்பரப்பு இறுகிவிடும். உள்ஈரம் வெளியேற வழியிராது. 55-60 டிகிரி போதும். 6 மி.மீ. தடிமனில் நறுக்கி ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். மின்சாரம் மிச்சம் என்று விசிறியை நிறுத்தாதீர்கள் (பலரும் செய்வது இதுதான்). ஈரக்காற்று வெளியேறாவிட்டால் தக்காளி வேகும், காயாது.

ஆறிய துண்டுகளைக் கண்ணாடிப் புட்டியில் முக்கால் பங்கு நிரப்பி மூடி, ஒரு வாரம் தினமும் குலுக்குங்கள். உட்புறம் நீர் முத்து தெரிந்தால் மீண்டும் உலர்த்திக்கே.

பொறியாளர் தேவைப்படுவது தட்டுக்கு எத்தனை கிலோ, விசிறிக்கு எவ்வளவு திறன் என்று கணக்கிட. தக்காளியில் ஏறக்குறைய 94 சதவீதம் நீர். 100 கிலோவுக்கு 6 கிலோ அளவில்தான் மிஞ்சும். விலையை அதை வைத்துப் போடுங்கள். தஞ்சாவூரில் உள்ள மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெமை அணுகிப் பாருங்கள்.