குறைத்த எடை மறுபடி ஏறாமல் இருக்க, கல்லூரி மாணவர்களுக்குப் பணம் கொடுத்தால் பயன் இருக்குமா?

இருக்கும். ஆனால் எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதுதான் விஷயம். நான் இதில் இரண்டு முறை பட்டவன், அதனால் சொல்கிறேன்.

கல்லூரி இரண்டாம் வருஷத்தில் நான் 91 கிலோ. வீடு தண்டையார்பேட்டை. "80-க்கு வந்துட்டா அஞ்சாயிரம் தரேன்டா" என்றார் அப்பா. ஐந்து மாதத்தில் வந்துவிட்டேன், பணமும் கைக்கு வந்தது. அன்று ராத்திரியே நண்பர்களோடு பீச் ஸ்டேஷன் பக்கம் போய் அத்தோ (பர்மா நூடுல்ஸ்), முட்டை மசாலா, வாழைத்தண்டு சூப் என்று ஒரு கட்டு கட்டினோம். அடுத்த நான்கு மாதத்தில் 87. அப்பாவைக் குறை சொல்ல முடியாது. 80-ஐத் தொட்டால் காசு என்றாரே தவிர, அங்கேயே இருக்கச் சொல்லவில்லையே.

இது என் ஒருவன் கதை இல்லை. 2008-இல் கெவின் வோல்ப் என்ற மருத்துவரின் குழு அமெரிக்காவில் 57 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தது (அவர்கள் மாணவர்கள் இல்லை, 30 வயது தாண்டியவர்கள்). சொந்தப் பணத்தைப் பணயம் வைத்தவர்கள் 16 வாரத்தில் சராசரியாக 6 கிலோவுக்கு மேல் குறைத்தார்கள். காசு சம்பந்தமில்லாதவர்கள் குறைத்தது 2 கிலோகூட இல்லை. பணம் நின்று, ஏழாம் மாதம் பார்த்தபோது அந்த வித்தியாசம் சுருங்கிப்போயிருந்தது. எடை குறைந்தபின் பசி கூடுவது உடம்பின் வேலை. அதற்கு நம் பந்தயமெல்லாம் தெரியாது.

சரி, இரண்டாவது முறை. எங்கள் தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா சீட்டும் பிடிப்பார். நண்பர்கள் ஐந்து பேர் மாதம் ஆளுக்கு 500 ரூபாய் அவரிடம் கட்டினோம். முதல் ஞாயிறு எடை பார்ப்போம். ஏறியிருந்தால் அவன் காசு மற்றவர்களுக்கு. எடை பார்ப்பது பழைய பேப்பர் கடைத் தராசில். செருப்பு, பெல்ட், செல்போன், பைக் சாவி எல்லாம் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஏறுவான்கள். ஒருவன் முதல் நாள் மத்தியானத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து, தராசிலிருந்து இறங்கும்போது தடுமாறினான். பேப்பர் கட்டு மேல் உட்காரவைத்து சோடா வாங்கிக் கொடுத்தோம். விஷயம் அக்கா காதுக்குப் போனது. "இன்னாடா, எடைக்கா காசு கட்றீங்க? பட்டினிக்குல்ல கட்றீங்க!"

விதியை அவரே மாற்றினார். தராசு கிடையாது. காலையில் காசிமேடு வரை நடந்துபோய்த் திரும்பி, ஆறரைக்குள் கடையில் முகம் காட்ட வேண்டும். சீட்டு நோட்டில் டிக் போடுவார். வராத நாளுக்கு 20 ரூபாய் போச்சு, ஞாயிறு லீவு. கடைக்கு வந்தால் இட்லி தின்னாமல் போகமாட்டோம் என்ற கணக்கும் அவருக்கு இருந்திருக்கும், அது வேறு. ஆனால் பையில் இருப்பதாக நினைத்த காசு போவது எவ்வளவு எரிச்சல் தெரியுமா? 20 ரூபாய்க்காக மழையில் நடந்திருக்கிறேன்.

சார்னஸ், க்னீஸி என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வு கல்லூரி மாணவர்களைப் பற்றியதுதான். ஒரு தடவை ஜிம்முக்குப் போக 25 டாலர். சிலருக்கு மட்டும், அடுத்த ஒரு மாதத்தில் எட்டுத் தடவை போனால் இன்னும் 100 டாலர். எட்டுத் தடவை போன கூட்டம், காசு நின்ற பிறகும் மற்றவர்களைவிட அதிகமாகப் போனது. அதுவும் முன்பு வழக்கமாக ஜிம்முக்குப் போகாதவர்களிடம்தான் மாற்றம் அதிகம். அக்கா இதையெல்லாம் படித்தவர் இல்லை.

தொகையைப் பெரிதாக வைக்காதீர்கள், பொய் சொல்லத் தோன்றும். சாப்பாட்டு விஷயத்தில் ஏற்கெனவே மனசு கஷ்டப்படுகிற பிள்ளைகளை இதில் சேர்க்கவே வேண்டாம்.

சீட்டு முடிந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. நான் இப்போது 82. ஐந்து பேரில் மூன்று பேர் இன்னும் நடக்கிறோம். ஒருவனுக்கு நைட் ஷிப்ட். இன்னொருவனைப் பற்றிக் கேட்காதீர்கள்.