சீலிங்கைச் சுரண்டுமுன் தண்ணீர் தெளியுங்கள்

கேள்வி: குழித்துறை பக்கம் எங்கள் வீடு. மாமனார் வளைகுடாவில் இருந்தபோது 1986-ல் கட்டியது. ஹால் சுவரிலும் சீலிங்கிலும் முள் முள்ளாக ஒரு பூச்சு, அதன் மேல் ஆயில் பெயிண்ட். ஒரு மூலையில் ஈரம் ஏறி உதிர்கிறது. மொத்தத்தையும் எடுத்துவிடலாம் என்று பெயிண்டர் மெஷின் வைத்து ஒரு சுவரைத் தேய்த்தார். தொட்டில் கம்பி வரைக்கும் வெள்ளைப் பொடி. லண்டனில் இருக்கும் தம்பி, "அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், நிறுத்து" என்கிறான். மகளுக்கு இரண்டு வயது. நான் ஐந்து மாதக் கர்ப்பிணி.

பதில்: தம்பி சொன்னபடி மெஷினை நிறுத்துங்கள். அவர் இருக்கும் நாட்டில் சீலிங் அலங்காரப் பூச்சுகளில் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் கலந்த காலம் உண்டு. 1999-ல் அதை முழுக்கத் தடை செய்தார்கள். உங்கள் பூச்சில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, லேபில்தான் தெரியும். ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் நோய்கள் பெரும்பாலும் பல வருடம் அந்தத் தூசியில் வேலை செய்தவர்களுக்கு வருபவை, அதுவும் 20, 30 வருடம் கழித்து. ஒருநாள் பொடிக்காக நடுங்க வேண்டாம். இப்போது எக்ஸ்ரே எடுத்தாலும் ஒன்றும் தெரியாது. கர்ப்பத்தில் அது தேவையும் இல்லை.

எனக்குப் பெரிய கவலை ஈயம். பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் பெயிண்ட் அதற்கு வெகு காலம் முந்தியது. குழந்தை தொட்டில் கம்பியைப் பிடிக்கும், அதே கையை வாயில் வைக்கும். ஈயம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். நஞ்சுக்கொடி தாண்டி வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். அதனால் உங்களுக்கும் மகளுக்கும் ரத்தத்தில் ஈய அளவு பாருங்கள். நாகர்கோவிலில் பெரிய லேப்களில் கேட்டால் மாதிரி எடுத்து அனுப்புவார்கள். ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ வந்தால் ரிப்போர்ட்டோடு டாக்டரைப் பாருங்கள். டாக்டர் தந்த இரும்பு, கால்சியம் மாத்திரைகளை விடாதீர்கள். இவை குறைந்த உடம்பு ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். நெத்திலியை முள்ளோடு சாப்பிடுவதும் நல்லது.

வேலை முடியும் வரை நீங்களும் மகளும் அம்மா வீட்டில் இருங்கள். இருக்கிற பொடியை வேறு யாராவது ஈரத்துணியால் துடைக்கட்டும். துடைப்பமும் ஃபேனும் வேண்டாம்.

அப்புறம், உறுதியாக ஒட்டியிருக்கும் பூச்சை எதற்கு எடுக்க வேண்டும்? தேய்க்காமல் அப்படியே மேலே பட்டி போட்டு மூடிவிடலாம். உதிரும் மூலைக்கு முதலில் மொட்டை மாடிக் கசிவை அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஐப்பசி மழைக்கு மறுபடி உதிரும். பூச்சில் ஒரு சின்னத் துண்டை நனைத்துப் பெயர்த்து எடுத்து லேபுக்கு அனுப்புங்கள். ஆஸ்பெஸ்டாஸ் என்று வந்தால் யாரும் தொட வேண்டாம், அதற்கென்று பழகியவர்கள்தான் எடுக்க வேண்டும். இல்லை என்று வந்தால், மெயினை அணைத்து, தரையில் பிளாஸ்டிக் ஷீட் விரித்து, சோப்புத் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, கையால் சுரண்டட்டும். உதிர்ந்ததை ஈரத்தோடு இரட்டைக் கவரில் கட்டுங்கள். தென்னை மரத்தடியில் கொட்டாதீர்கள்.

பெயிண்டருக்கு என்95 மாஸ்க் நீங்களே வாங்கிக் கொடுங்கள், முகத்தில் கட்டும் துண்டு போதாது. மணலும் சிமெண்டும் கலந்த அந்தப் பொடியை அவர் தினமும் சுவாசிக்கிறார். நுரையீரலுக்கு உங்களைவிட அவருக்குத்தான் ஆபத்து அதிகம். சாயங்காலம் உங்கள் வீட்டிலேயே குளித்துச் சட்டை மாற்றிவிட்டுப் போகச் சொல்லுங்கள். அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கும்.