ஆடிக் காற்றில் தளம் போடுபவர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி (பல்லடம்): ஐயா, ஆடியில் தளம் போட்டோம். அன்று மாலைக்குள் மேலே மெல்லிய விரிசல்கள் விட்டுவிட்டன. சிமெண்ட் சரியில்லையா?

பதில்: சிமெண்ட் மீது பழி போடாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உங்கள் பக்கம் ஆடியில் ஓய்வதே இல்லை. புதிய கான்கிரீட்டில் ஜல்லியும் சிமெண்டும் படியப் படிய, தண்ணீர் மேலே கசிந்து வரும். கசிவதைவிட வேகமாகக் காற்று அதை உறிஞ்சினால் மேற்பரப்பு சுருங்கும். இறுகாத கான்கிரீட் அந்த இழுவையைத் தாங்காது, கிழிந்துவிடும். சதுர மீட்டருக்கு மணிக்கு ஒரு கிலோ தண்ணீர் ஆவியானாலே ஆபத்து என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு.

வானம் மூடியிருக்கிறது, வெயில் இல்லை என்று நம்பித்தான் பலரும் ஏமாறுகிறார்கள். காற்று வரும் பக்கம் தார்ப்பாய் கட்டுங்கள். கான்கிரீட் கொட்டும் பலகைகளை முன்பே நனையுங்கள். மட்டம் தட்டியதும் பாலித்தீன் தாளை விரியுங்கள். இறுகும் முன் விரிசல் தெரிந்தால், மட்டப்பலகையால் மீண்டும் அழுத்தித் தேய்த்தால் மூடிக்கொள்ளும். இறுகிய பிறகு தெரிந்தால், எவ்வளவு ஆழம் என்று பொறியாளரை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி (காங்கேயம்): மேஸ்திரி மிக்சரில் கண் அளவாகத் தண்ணீர் ஊற்றுகிறார். கேட்டால் 'இளக்கமாக இருந்தால்தான் ஓடும்' என்கிறார்.

பதில்: அங்கேதான் வீட்டின் பலம் போகிறது. சிமெண்டின் எடைக்குத் தண்ணீரின் விகிதம் கூடினால் வலிமை குறையும் என்று அமெரிக்கப் பொறியாளர் டஃப் ஏப்ரம்ஸ் 1918-லேயே சோதனைகளால் நிறுவிவிட்டார். சிமெண்டோடு வேதிவினை புரிய அதன் எடையில் கால் பங்கு தண்ணீர் போதும். மிச்சமெல்லாம் கலவை இளக ஊற்றுவது. அதில் பெரும்பகுதி பின்னால் ஆவியாகி நுண்துளைகளை விட்டுச் செல்லும். எம்20 என்னும் தரத்தில் போடும் கம்பிக் கான்கிரீட்டுக்கு, கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-இன்படி உச்ச விகிதம் 0.55. அதாவது 50 கிலோ மூட்டைக்கு 27.5 லிட்டர், மணலில் இருக்கும் ஈரமும் சேர்த்து. 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் கோடு போட்டு மேஸ்திரி கையில் கொடுங்கள். ஒன்றரை வாளிகூட ஆகாது. ஓட்டம் போதவில்லை என்றால் கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் ரசாயனம் சேர்க்கலாம், அதிர்வால் கலவையைப் படிய வைக்கும் வைப்ரேட்டர் பிடிக்கலாம். தண்ணீர் மட்டும் வேண்டாம்.

கேள்வி (நொய்யல் கரை): எங்கள் போர் தண்ணீர் உப்பு. கட்டலாமா?

பதில்: பரிசோதிக்காமல் கூடாது. கம்பி போடும் கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கம்பி துருப்பிடிக்கும். சாயக்கழிவு படிந்த பகுதி என்றால் சல்பேட்டையும் பாருங்கள்.

கேள்வி (ஈரோடு, கட்டுமான மேலாண்மை மாணவர்): தளம் போட்ட ஐந்தாம் நாளே அதைத் தாங்கும் முட்டுகளைப் பிரித்து வேறு சைட்டுக்குக் கொண்டு போகச் சொல்கிறார் ஒப்பந்ததாரர். அட்டவணை இழுக்கிறதாம்.

பதில்: தம்பி, கூலி கொடுக்க வேண்டிய வேலைகளை மட்டும் எழுதும் அட்டவணை இப்படித்தான் இழுக்கும். கான்கிரீட்டை ஈரமாக வைத்து நீராட்டும் நாட்களும் முட்டு நிற்கும் நாட்களும் ஆள் தேவைப்படாத வேலைகள். ஆனால் அடுத்த மாடி அவற்றுக்குப் பின்னால்தான் வர முடியும். தாங்கும் சுவர்களுக்கு இடையே 4.5 மீட்டர் வரையுள்ள தளத்துக்கு முட்டு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் நிற்க வேண்டும். இதுவும் சாதாரண சிமெண்டுக்குத்தான். சாம்பல் கலந்த பி.பி.சி. வகை சிமெண்ட் மெதுவாக வலுப்பெறும், அதற்கு இன்னும் கூடுதல் நாள் வேண்டும். நீராட்டவும் 14 நாள் ஒதுக்குங்கள். அந்த நாட்களில் ஆட்களைச் சுற்றுச்சுவருக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் திருப்பிவிடுங்கள். அடுத்த சைட்டுக்கு முட்டு வாடகைக்குக் கிடைக்கும்.