எங்கள் மெயில் சர்வர் மூன்று நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தது. அப்போது வந்த மெயில்கள் தொலைந்துவிட்டனவா?

பெரும்பாலும் தொலைந்திருக்காது. அனுப்பியவரின் சர்வர் அவற்றைத் தன் க்யூவில் (காத்திருப்பு வரிசையில்) வைத்துக்கொண்டு விடாமல் முயன்றுகொண்டிருக்கும். குறைந்தது 4, 5 நாளாவது முயல வேண்டும் என்பது மெயில் அனுப்பும் முறையை வரையறுக்கும் ஆர்எஃப்சி 5321 என்ற ஆவணம் சொல்லும் பொதுவிதி. எக்ஸிம் என்ற மெயில் சர்வர் மென்பொருள் முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிப் பார்க்கும். அப்புறம் இடைவெளி நீளும். 4 நாள் வரை ஓயாது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் சர்வர் மட்டும் 2 நாளில் கைவிட்டுவிடும். அதிலிருந்து வந்தவை திரும்பிப் போயிருக்கலாம், அனுப்பியவர்களிடம் கேளுங்கள்.

நீங்களும் புயல் பாதித்த ஊர்க்காரர் என்றே நினைக்கிறேன். கஜா 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது, மன்னார்குடியில் எங்கள் அரிசி மண்டி அலுவலகத்தில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மென்பொருளில் ஓடும் ஒரு மெயில் சர்வர் என் பொறுப்பில் இருந்தது. ஜெனரேட்டருக்கு டீசல் கிடைத்ததும் எல்லோரும் அதை ஆன் செய்யச் சொன்னார்கள். நெட் வராமல் தொடக்கூடாது என்று நின்றேன்.

காரணம் இதுதான். போஸ்ட்ஃபிக்ஸ் ஒரு மெயிலை 5 நாள் வைத்திருக்கும். அணைந்து கிடந்த நாட்களும் அந்தக் கணக்கில் சேரும். அந்த 5 நாள் தாண்டியபின் நெட் இல்லாமல் ஆன் செய்தால் ஒரே ஒரு முயற்சி, அது தோற்றதும் கெடு முடிந்தது என்று நாம் அனுப்பியதையெல்லாம் திருப்பிவிடும். அதனால் மேக்ஸிமல் க்யூ லைஃப்டைம் என்ற அந்தக் கெடுவை முதலில் 15 நாளாக ஏற்றினேன். உள்ளே வரும் மெயில் ஏதோ கோளாறில் நிரந்தரமாக மறுக்கப்படாமல், அனுப்புபவர் மறுபடி முயலட்டும் என்று சாஃப்ட் பவுன்ஸ் என்ற அமைப்பையும் போட்டுவைத்தேன். நெட் வந்ததும் தேங்கிக் கிடந்தவை போய்ச் சேர்ந்தன.

'கிளவுடில் வைத்திருக்கலாமே' என்று கீழே எழுத வருபவர்களுக்கு: அந்த வாரம் எங்கள் பக்கம் டவரே வேலை செய்யவில்லை. கிளவுடில் இருந்தாலும் திறந்து பார்த்திருக்க முடியாது.

ஒரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். சாய்ந்த தென்னைகளுக்கு நிவாரணம் கேட்ட எங்கள் பெரியப்பாவிடம், மெயிலில் ஆவணம் கேட்டோம், கெடுவுக்குள் தரவில்லை என்று ஓர் அலுவலகத்தில் மறுத்துவிட்டார்கள். அந்த மெயில் எங்கள் சர்வருக்கு வந்ததே கெடு முடிந்த பிறகு. மெயிலில் தெரியும் தேதி அனுப்பியவர் எழுதிய நேரம். வந்து சேர்ந்த நேரம் ஹெட்டரில் (மெயிலோடு வரும் தலைப்புக் குறிப்புகளில்) 'ரிசீவ்ட்' வரியில்தான் இருக்கும். அதை அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டினோம். வாங்கிப் பார்க்கக்கூட மறுத்துவிட்டார்கள். காய்த்துக்கொண்டிருந்த மரங்கள் அத்தனையும் போன மனிதரிடம் நடந்துகொள்கிற முறையா இது?