எம்50ஆ, ஆர்50ஆ? சேலத்துக் கேள்விகளும் ஒரு பழுதுபார்ப்பவனின் பதில்களும்

சேலத்தில் கேமரா பழுது பார்ப்பது என் பிழைப்பு. கேனானின் எம்50 (2018), ஆர்50 (2023) இரண்டும் என் மேசைக்கு அடிக்கடி வரும். அதனால் "பழசை வாங்கலாமா, புதுசுக்குப் போகலாமா" என்று கேட்பவர்களுக்கு ஒரு வாரம் இணையத்தில் பதில் சொல்வதாக ஒப்புக்கொண்டேன். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன். ஏற்காடு ஏரியில் படகு எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று கேட்ட மூன்று பேருக்கும் இங்கே பதில் கிடையாது.

அஸ்தம்பட்டி, கல்லூரி மாணவி: முதல் கேமரா வாங்கப் போறேன் அண்ணா. தெரிஞ்சவர்கிட்ட எம்50, கூடவே வர்ற கிட் லென்ஸோட கிடைக்குது. புது ஆர்50 விலை அதுபோல ரெண்டு மடங்கு. ரெண்டுமே 24 மெகாபிக்சல்தானே?

ஆமாம்மா, 24.1க்கும் 24.2க்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. சென்சார் அளவும் ஒன்றுதான். பகல் வெளிச்சத்தில் எடுத்த இரண்டு படங்களைப் பிரிண்ட் போட்டு என் முன்னால் வைத்தால் எது எதில் எடுத்தது என்று எனக்கே சொல்லத் தெரியாது.

வித்தியாசம் ஃபோகஸில் இருக்கிறது. எம்50 முகத்தைப் பிடிக்கும். முகம் பெரிதாகத் தெரிந்தால் கண்ணையும் பிடிக்கும். ஆர்50 ஓடுகிற குழந்தை, நாய், பறவை, பைக் என்று எதைக் காட்டினாலும் பிடித்துக்கொண்டு விடாது. அப்புறம் வீடியோ. எம்50இல் 4கே வைத்த உடனே நாலு பக்கமும் வெட்டிவிடும். கிட் லென்ஸின் 15 மி.மீ. அகலம், பழைய ஃபிலிம் கணக்கில் 38 மி.மீ. போல ஆகிவிடும். கையை நீட்டி உன்னையே எடுத்தால் திரை முழுக்க முகம்தான், பின்னால் மலை தெரியாது. போதாததற்கு, அந்த கேமராவின் நல்ல ஃபோகஸ் முறை 4கேயில் வேலை செய்யாது. லென்ஸ் முன்னே பின்னே தேடிக்கொண்டே இருக்கும். ஃபுல் எச்டியில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. ஆர்50 முழு அகலத்தில் 4கே எடுக்கும்.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய விஷயம். எம்50இன் இஎஃப்-எம் மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வாய்) வரிசையை 2023இல் கேனான் நிறுத்திவிட்டது. இனி அதற்குக் கேனான் புது லென்ஸ் போடாது. நாலைந்து வருஷத்தில் ஒவ்வொரு லென்ஸாகச் சேர்க்கும் எண்ணம் இருந்தால் ஆர்50. கிட் லென்ஸும் ஒரு 22 மி.மீ. எஃப் 2 லென்ஸும் போதும் என்றால் எம்50 வாங்குவதில் ஒரு குறைச்சலும் இல்லை.

வாங்கும் முன் லென்ஸைக் கழற்றி, பின்பக்கமிருந்து செல்போன் டார்ச் அடித்து, சாய்த்துப் பார். உள்ளே சிலந்திவலை மாதிரி நூல் தெரிந்தால் ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. பேரமே பேசாமல் திரும்பி வந்துவிடு.

நாலு ரோடு, கல்யாண ஃபோட்டோகிராஃபர்: ரெண்டாவது பாடியா ஆர்50 எடுக்கலாமா சார்? ஃபிளாஷ், ட்ரிகர் எல்லாம் பழசு வெச்சிருக்கேன்.

அதை மாட்டிப் பார்க்காமல் எடுக்காதீங்க. ஆர்50 தலையில் இருப்பது புது மாதிரி ஷூ (ஃபிளாஷ் மாட்டும் இடம்). பழைய ஃபிளாஷும் ட்ரிகரும் நேரடியாக வேலை செய்யாது. ஏடி-இ1 என்ற அடாப்டர் தனியாக வாங்க வேண்டும். எம்50இல் பழைய ஷூதான், எதை வைத்தாலும் அடிக்கும். இன்னொன்று, மண்டபத்து சீரியல் செட் வெளிச்சத்தில் ஆர்50ஐச் சத்தமில்லாத ஷட்டரில் வைத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். சாதா ஷட்டருக்கு மாற்றி 1/50 அல்லது 1/100இல் எடுங்க.

செவ்வாய்ப்பேட்டை, வெள்ளிக் கொலுசு வியாபாரி: கொலுசு படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பணும். பையன் எம்50 வெச்சிருக்கான். எடுத்தா கொலுசு கறுப்பா, அழுக்கா தெரியுது. ஆர்50 வாங்கினா சரியாகுமாங்க?

ஆகாதுங்க. அந்தப் பணத்துக்கு வெள்ளியே வாங்கிப் போடுங்க. இந்த வாரம் வந்ததில் எனக்குப் பிடித்த கேள்வி இது, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

வெள்ளிக்கு என்று தனி நிறம் கிடையாது. சுற்றி இருப்பதைத்தான் காட்டும். உங்கள் படத்தில் கறுப்பாகத் தெரிவது கொலுசு அல்ல; உங்கள் பையனின் சட்டை, கேமரா, இருட்டுக் கூரை. ஒவ்வொரு சலங்கை மணியும் ஒரு குட்டிக் கண்ணாடி. உற்றுப் பார்த்தால் அதில் ஜன்னலும் தெரியும், கேமராவைப் பிடித்திருக்கும் கையும் தெரியும்.

ஜன்னல் ஓரமாக மேசையைப் போடுங்க. நேர் வெயில் வேண்டாம். ஜன்னலுக்கும் கொலுசுக்கும் நடுவில் டிரேஸிங் பேப்பரைத் தொங்கவிடுங்க. எதிர்ப்பக்கமும் மேலேயும் வெள்ளை தெர்மகோல். கேமராவுக்கு ஒரு ஓட்டை மட்டும் விட்டு, கொலுசைச் சுற்றி எல்லாமே வெள்ளையாக இருக்க வேண்டும். இப்போது எடுத்தால் பளிச்சென்று வரும், ஆனால் மொழுக்கென்று செதுக்கு வேலையே தெரியாது. அதற்கு ஒரு விரல் அகலத்தில் கறுப்பு அட்டையை வெட்டி, கொலுசின் ஓரமாகப் படத்துக்குள் வராதபடி நிறுத்துங்க. விளிம்பில் மெல்லிய கறுப்புக் கோடு விழும். அந்தக் கோடுதான் வெள்ளியை வெள்ளியாகக் காட்டும். அட்டையை அரை அங்குலம் நகர்த்தினாலே படம் மாறும். பொறுமையாக நகர்த்திப் பாருங்க.

டியூப் லைட்டை அணைத்துவிடுங்க. ஜன்னல் வெளிச்சமும் டியூப் லைட்டும் கலந்தால் ஒரு பக்கம் நீலம், மறு பக்கம் மஞ்சள். ட்ரைபாட், ஐஎஸ்ஓ 100, எஃப் 8 அல்லது 11, இரண்டு விநாடி டைமர். வெள்ளைத் தாளின் மேல் வைத்து எடுத்தால் கேமரா ஏமாந்து சாம்பல் நிறமாக்கும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், ஏற்றுங்க. செலவழித்தே தீருவேன் என்றால் எம்50க்கு 28 மி.மீ. மேக்ரோ லென்ஸ் ஒன்று உண்டு, மூக்கிலேயே சின்ன விளக்கு வைத்தது. பழையது கிடைத்தால் எடுங்க. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு.

சூரமங்கலம்: எம்50 லென்ஸ் ஆர்50இல் பொருந்துமா?

பொருந்தாது. இதே கேள்வி இதுவரை ஆறு பேரிடமிருந்து வந்துவிட்டது, அதனால் ஒரே தடவையாகக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். லென்ஸ் உட்காரும் வளையத்திலிருந்து சென்சார் வரை எம்50இல் 18 மி.மீ., ஆர்50இல் 20 மி.மீ. எம்50 லென்ஸை ஆர்50 முன்னால் வைத்தால் இருக்க வேண்டிய இடத்தைவிட 2 மி.மீ. தள்ளி நிற்கும். அடாப்டர் என்பது நடுவில் போடும் வளையம். அது தூரத்தைக் கூட்டத்தான் செய்யும், குறைக்காது. இப்போது எம்50 வைத்துக்கொண்டு பிறகு மாறப்போகிறவர்கள், கேனானின் பழைய டிஎஸ்எல்ஆர் லென்ஸ்களை அடாப்டரோடு வாங்குங்க. 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் போதும். அவற்றுக்கு 44 மி.மீ. தூரம் வேண்டும், அதனால் இரண்டு கேமராவிலும் அடாப்டர் போட இடம் இருக்கிறது.

லேத் பட்டறைக்காரர், அம்மாபேட்டை: வெறும் 2 மி.மீ. தானே சார்? லென்ஸ் பின்பக்கத்தை லேத்தில் போட்டு 2 மி.மீ. சீவிட்டா?

இதற்குக் கீழே இருபது பேர் கூடிவிட்டார்கள். பாதிப் பேர் சிரிப்பு, பாதிப் பேர் "செஞ்சு பாருங்கண்ணா". நான் சிரிக்கவில்லை, நியாயமான கேள்வி. ஆனால் சீவுகிற இடத்தில் தகடு மட்டும் இல்லை. மின் தொடர்புப் புள்ளிகளும் ரிப்பன் வயரும் அங்கேதான் இருக்கின்றன.

அதே லேத் பட்டறைக்காரர்: சீவ வேண்டாம். எம் மவுண்ட் வாய் 47 மி.மீ., ஆர் மவுண்ட் வாய் 54. சின்னது பெருசுக்குள்ள போகுமே? குழி மாதிரி ஒரு வளையம் கடைஞ்சு, 2 மி.மீ. உள்ளே இறக்கிடலாம்.

அளவு சரிதான். இதை நீங்கள் சொல்வீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. லென்ஸின் வால் உள்ளே போகும். ஆனால் உடம்பு? எம்50 லென்ஸ்களில் பெரும்பாலானவை சுமார் 61 மி.மீ. தடிமன். அது 54க்குள் இறங்காது, வாசலிலேயே நின்றுவிடும்.

எடப்பாடி, யூடியூபர்: இறங்காட்டி என்ன, 2 மி.மீ. தள்ளி இருந்தா லேசா மங்கலாத் தெரியும், அவ்வளவுதானே?

லேசாக இல்லை தம்பி. 22 மி.மீ. லென்ஸை இன்ஃபினிட்டியில் (வெகு தூரத்து ஃபோகஸில்) வைத்து 2 மி.மீ. தள்ளினால், லென்ஸிலிருந்து 26 செ.மீ. தூரத்தில் இருப்பது மட்டும்தான் தெளியும். ஏற்காட்டில் நின்றுகொண்டு மூக்குக்கு முன்னால் இருக்கும் காப்பிச் செடியை மட்டும் எடுக்கலாம். அதுவும் போகட்டும். இந்த லென்ஸ்களில் ஃபோகஸ் வளையத்தைத் திருகினாலும் உள்ளே மோட்டார் ஓடினால்தான் கண்ணாடி நகரும். அப்பர்ச்சரும் மின்சாரத்தில்தான். கேமராவோடு பேச்சு இல்லாவிட்டால் லென்ஸ் செத்த மாதிரி. இதோடு இந்த வாதம் போதும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஏற்காடு, ஹோம்ஸ்டே நடத்துபவர்: லேடீஸ் சீட் வியூ பாயிண்ட்ல மஞ்சு மூடினா ஃபோகஸே நிக்கிறதில்ல. என்கிட்ட எம்50.

மஞ்சில் எந்த கேமராவும் தடுமாறும், ஆர்50 கொஞ்சம் குறைவாகத் தடுமாறும். கேமராவுக்குப் பிடிக்க ஒரு விளிம்பு வேண்டும். கம்பி வேலி, சில்வர் ஓக் மரத்தின் தண்டு, எதையாவது அதே தூரத்தில் பிடித்து, ஃபோகஸைப் பூட்டி, பிறகு திருப்புங்க. எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப்பாவது ஏற்றுங்க, இல்லாவிட்டால் மஞ்சு புகையாக மாறிவிடும்.

மலையில் இருப்பவர்களுக்கும் மலைக்குப் போய்வருபவர்களுக்கும் சேர்த்து ஒன்று. குளிர்ந்த கேமராவோடு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்துப் புழுக்கத்துக்கு வந்தவுடன் பையைத் திறக்காதீங்க. கண்ணாடி வேர்த்துவிடும். மலையிலேயே பாலிதீன் கவரில் போட்டுக் கட்டி, கீழே வந்து ஒரு மணி நேரம் கழித்துத் திறங்க. அப்புறம் பையிலேயே விட்டுவிடாதீங்க, மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்க. ஃபங்கஸ் என்று நான் புலம்புவது உங்களுக்கு அலுப்பாக இருக்கலாம். ஒரு கடையில் நம்பி வாங்கிய லென்ஸை வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்து, நானே ஏமாந்தவன். கடைப் பேர் வேண்டாம்.

ஓமலூர்: அரிசி டப்பாவில் போட்டா ஈரம் போயிடுமாமே?

அரிசித் தூசி உள்ளே போகும். அரிசியைச் சோறாக்குங்க.

ஆத்தூர்: ஏற்காட்டில் காட்டுமாடு எடுக்க எது நல்லது?

ஆர்50, 100-400 லென்ஸ், வண்டிக்குள்ளிருந்தே. கிட் லென்ஸ் வைத்துக்கொண்டு கிட்டே போய் எடுக்கலாம் என்று நினைத்தால் கேமரா என் மேசைக்கு வரும், நீங்கள் வர மாட்டீர்கள்.

மேட்டூர்: பேட்டரி எது நிற்கும் அண்ணா? டூர் போகும்போது பவர் பேங்கில் போடலாமா?

எம்50இல் கணக்குக்கு 235 படம். எக்ஸ்ட்ரா ஒன்று கட்டாயம். யுஎஸ்பி சார்ஜ் கிடையாது. ஆர்50இல் பேட்டரி கொஞ்சம் பெரிது, பிடி (பவர் டெலிவரி) வகை பவர் பேங்க் இருந்தால் டைப்-சி வழியாக ஏறும். ஒன்றின் பேட்டரி மற்றதற்குப் பொருந்தாது.

ஓமலூர், வேறொருவர்: எம்50 மார்க் 2 வாங்கினா 4கே சரியாகிடுமா?

ஆகாது. 2020இல் வந்தது, அதே வெட்டு.

சங்ககிரி: ட்ரோன் எது நல்லது?

என் துறை இல்லை.

வாழப்பாடி: அண்ணா, எம்50 லென்ஸ் ஆர்50இல்...

மேலே போய் சூரமங்கலத்துக்காரருக்குச் சொன்னதைப் படிங்க.

லேத் பட்டறைக்காரர், மறுபடியும்: சரி சார், மோட்டார் லென்ஸ் விட்டுடறேன். அப்பா வெச்சிருந்த ரஷ்ய லென்ஸ் ஒண்ணு இருக்கு, ஹீலியோஸ் 44-2, 58 மி.மீ. எஃப் 2. திருகு மரை. எல்லாம் கையால திருப்பறது. பையன் ஆர்50 வாங்கிட்டான்.

இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா! இது உங்கள் வேலையேதான். அந்த மரை எம்42: 42 மி.மீ. விட்டம், 1 மி.மீ. பிட்ச். அந்த லென்ஸுக்குச் சென்சாரிலிருந்து 45.46 மி.மீ. வேண்டும். ஆர்50 தருவது 20. மிச்சம் 25.46 மி.மீ. உயரத்துக்கு அலுமினியக் குழாய் கடைய வேண்டும். மவுண்ட் பல்லை நீங்கள் வெட்ட வேண்டாம். ஆர் மவுண்ட் பாடி மூடி ஒன்று வாங்கி, நடுவில் துளை போட்டு, குழாயை அதில் பிடியுங்க. 25.46 என்பது கேமரா வளையத்திலிருந்து லென்ஸ் உட்காரும் இடம் வரை, மூடியின் கனமும் சேர்த்து. ஒரு நூலிழை குறைந்தால் பரவாயில்லை, கூடினால் இன்ஃபினிட்டி கிடைக்காது. மெனுவில் லென்ஸ் இல்லாமல் ஷட்டர் இயங்கும் வசதியைப் போட்டுவிட்டால் கேமரா முரண்டு பிடிக்காது. ஆர்50இல் அது 93 மி.மீ. மாதிரி நிற்கும், முகப் படத்துக்கு அருமை.

எம்50க்கும் வேண்டுமென்றால் எம் மவுண்ட் மூடியோடு 27.46. அதாவது அதே குழாய்க்கு அடியில் ஒரு 2 மி.மீ. வாஷர். சீவ முடியாத அந்த 2 மி.மீட்டரை இங்கே நீங்கள் சேர்த்துக்கொள்ளலாம்.

குழாயின் உட்பக்கத்தைப் பளபளவென்று விடாதீங்க. சொரசொரப்பாகவே விட்டு, மங்கல் கறுப்புப் பெயிண்ட் அடியுங்க. இல்லாவிட்டால் படம் வெளிறும். அப்புறம், அப்பா வைத்திருந்த லென்ஸ் என்கிறீர்கள். மாட்டும் முன் டார்ச் அடித்துப் பாருங்க.