கரோட்டினாய்டு நிறமியிலிருந்து செடிகள் வறட்சி ஹார்மோனை எப்படி உருவாக்குகின்றன?

சுருக்கமான பதில்: நறுக்கித்தான்.

கரோட்டினாய்டு 40 கார்பன் அணுக்கள் கொண்ட நீண்ட மூலக்கூறு. தண்ணீர்த் தட்டுப்பாட்டில் இலைத்துளைகளை மூடவைக்கும் வறட்சி ஹார்மோனான அப்சிசிக் அமிலத்தில் இருப்பதோ 15 கார்பன்தான். இலையில், பசுங்கணிகத்துக்குள் சீயாசாந்தின் என்ற மஞ்சள் நிறமி வயோலாசாந்தினாகவும், அதிலிருந்து நியோசாந்தினாகவும் மாறுகிறது. இவற்றின் 9-சிஸ் வடிவத்தை (சங்கிலி ஓரிடத்தில் வளைந்திருக்கும் வடிவம்) என்சிஇடி என்ற நொதி குறிப்பிட்ட ஒரே இடத்தில் வெட்டுகிறது. கிடைக்கும் 15 கார்பன் துண்டு சாந்தாக்சின். அது சைட்டோபிளாசத்துக்கு வந்து, அப்சிசிக் ஆல்டிஹைடாகி, பிறகு அமிலமாகிறது. இந்தக் கடைசிப் படிக்கு மாலிப்டினம் தேவை. நுண்ணூட்டம் என்று நாம் லேசாகச் சொல்லிவிடுகிற அதே தனிமம்தான்.

என்னைக் கேட்டால், இதில் கவனிக்க வேண்டியது அந்த வெட்டுதான். இலையில் நிறமி எப்போதும் தாராளமாக இருக்கிறது. அதனால் ஹார்மோன் எவ்வளவு உருவாகும் என்பதைப் பெரும்பாலும் என்சிஇடிதான் தீர்மானிக்கிறது. செடி வாடத் தொடங்கியதும் இந்த நொதிக்கான மரபணு விறுவிறுவென வேலை செய்யும். இந்த நொதியின் செயல் 1997இல் மக்காச்சோளத்தில்தான் தெளிவானது: அந்த நொதி பழுதான விபி14 என்ற திடீர்மாற்ற வகையில், விதைகளை உறங்கவைக்கும் இந்த ஹார்மோன் குறைவதால், அவை கதிரிலேயே முளைத்துவிடுகின்றன.

பாஸ்பரஸ் குறையும்போது வேர்கள் சுரக்கும் ஸ்ட்ரைகோலாக்டோன்கள் என்ற ஹார்மோன்களும் கரோட்டினாய்டின் வாரிசுகளே. அவை பீட்டா கரோட்டினிலிருந்து வேறு நொதிகளின் வழியாக வருகின்றன. அப்சிசிக் அமிலத்தைச் சில பூஞ்சைகளும் தயாரிக்கும். ஆனால் அவை நிறமிப் பக்கமே போகாமல் 15 கார்பன் மூலப்பொருளிலிருந்து நேரடியாகச் செய்துகொள்கின்றன.