பொதுக் கன்ட்ரோலர் மாட்யூலை எங்கே சோதிப்பது?

வணக்கம். மண்டபம் படகுகளுக்கான உங்கள் ரெயில்ஸ் (ரூபி மொழியின் வலைச் செயலிக் கட்டமைப்பு) செயலியில் கடலுக்குச் செல்லும் டோக்கன், டீசல், ஐஸ் முன்பதிவு ஆகிய மூன்று கன்ட்ரோலர்களும் (கோரிக்கைகளைக் கையாளும் பகுதிகள்) மீன்பிடித் தடைக்காலத்தைப் பார்க்க ஒரே மாட்யூலைப் (பொதுவான குறியீட்டுத் தொகுப்பு) பயன்படுத்துகின்றன. அதே டெஸ்ட்டை மூன்று இடங்களில் நகலெடுக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம்.

ரூபிக்கான சோதனைக் கருவியான ஆர்ஸ்பெக்கில் டெஸ்ட் கோப்புக்குள்ளேயே பெயரில்லாத கன்ட்ரோலர் ஒன்றை உருவாக்கலாம். அதில் மாட்யூலைச் சேர்த்து, இன்டெக்ஸ் என்ற ஒரே செயலை மட்டும் எழுதுங்கள். விதியின் நுணுக்கங்கள் அனைத்தையும் அங்கேயே சோதியுங்கள். (வழக்கத்துக்கு மாறான ஆக்‌ஷன் பெயர் வைத்தால் ரூட்டை, அதாவது முகவரியை அந்தச் செயலோடு இணைக்கும் வரியை, நீங்களே எழுத வேண்டும்.)

ஆனால் நாளை யாரேனும் டீசல் கன்ட்ரோலரிலிருந்து மாட்யூலை நீக்கினாலும் இந்த டெஸ்ட் பச்சையாகவே இருக்கும், அதாவது தேறிவிடும். எனவே "தடைக்காலத்தில் மறுக்கிறது" என்ற ஷேர்டு எக்ஸாம்பிள் (பல இடங்களில் அழைக்கக்கூடிய பொது டெஸ்ட்) ஒன்றை எழுதி, மூன்று கன்ட்ரோலர்களின் ரிக்வெஸ்ட் டெஸ்ட்களிலும் (உண்மையான கோரிக்கையை அனுப்பிப் பார்ப்பவை) ஒரே வரியில் அழையுங்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது தேதிதான். தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள். ரெயில்ஸின் இயல்பான நேரம் யுடிசி (உலகப் பொது நேரம்). நமக்கு ஏப்ரல் 15 பிறக்கும்போது யுடிசியில் 14ஆம் தேதி மாலை 6.30. மாற்றாமல் விட்டால் அதிகாலை 5.30 வரை டோக்கன் கிடைத்துக்கொண்டே இருக்கும்! அமைப்பில் 'சென்னை' நேர மண்டலத்தை வையுங்கள். கணினியின் நேரப்படி தேதி தரும் டேட் டுடே வேண்டாம், அந்த மண்டலப்படி தரும் டேட் கரன்ட் பயன்படுத்துங்கள். டெஸ்ட்டில் நேரத்தை மாற்றும் டிராவல் டூ கொண்டு நான்கு எல்லை நாட்களையும் (ஏப்ரல் 14, 15, ஜூன் 14, 15) நள்ளிரவை ஒட்டிச் சோதியுங்கள். நாட்டுப்படகுகளுக்குத் தடை கிடையாது. அவற்றை அனுமதிக்கிறதா என்பதற்கும் தனி டெஸ்ட் எழுதுங்கள்.